நாலு பத்து வண்டி

“விடுங்க கையை! இன்னிக்கு அந்தாளை ரெண்டுல ஒண்ணு பாக்காம விடமாட்டேன்!”

டிரைவரம்மா மாடிப்படியில் பாய்ந்து இறங்கிக்கொண்டிருந்தாள். வலது கையில் டிரம்பெட். இடது கையை அவள் புருஷன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னாலேயே இழுபட்டு வந்தார். அறுபது பேர் ஏறிய பேருந்தை ஒற்றைக் கையால் வளைக்கிற கை அது. பேருந்து டெப்போவில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து வண்டிகளுக்கு நேரம் குறிக்கும் ஒல்லி டைம் கீப்பரான அவரால் அதை நிறுத்திவிட முடியுமா?

“டிரம்பெட்டையாவது வச்சுட்டுப் போ. பாக்கறவங்க நீ அடிக்கப் போறேன்னு நினைச்சுக்கப் போறாங்க.”

“அடிக்கத்தான் போறேன்!”

கீழ்வீட்டுக் கதவுக்கு இன்னும் ஐந்து படி. டைம் கீப்பர் சட்டென்று முன்னால் புகுந்து இரண்டு பக்கமும் கையை விரித்து வழியை மறித்தார்.

“என்னதான் நடந்துச்சு? நிதானமா சொல்லு.”

“ஆறு நாளா நடக்குறதுதான். உங்களுக்கு இன்னிக்கு லீவு, அதனால காதால கேட்டீங்க. நாலு பத்துக்கு வாயில வச்சேன். முதல் சுரம் முழுசா வெளிய வரல, டொக் டொக் டொக்! கீழ இருந்து கம்பால கூரையை இடிக்கிறாரு. நீங்க போட்ட டைம் டேபிள்படி ஒழுங்கா வாசிச்சாத்தான் இடிக்கிறாரு. வாசிக்கக் கூடாதுன்னு நீங்க போட்ட நிக்கிற நேரத்துல வாசிச்சா மட்டும் மூச்சுக் காட்டாம…”

நாக்கைக் கடித்துக்கொண்டாள். காலம் கடந்துவிட்டது.

“நிக்கிற நேரத்துல நீ என்ன பண்ணின?”

“ஒண்ணும் பண்ணல.”

டைம் கீப்பர் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. திறந்து கிடந்த தங்கள் வீட்டுக் கதவு வழியே தெரிந்த சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார். கீழ்வீட்டுக் கதவைப் பார்த்தார். மறுபடி கடிகாரம். பிறகு தலையில் மெல்லத் தட்டிக்கொண்டார்.

“நீ மேல போ. நான் பேசிக்கிறேன்.”

“நீங்களா? நீங்க போனா அந்தாளுக்கு டீ போட்டுக் குடுத்துட்டு வருவீங்க.”

“போம்மா.”

அவர் கதவைத் தட்டினார். உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

அவள் படியிலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டாள். சண்டைச் சத்தம் இல்லை. நாற்காலி நகரும் சத்தம். ஒருமுறை யாரோ சிரித்த மாதிரி இருந்தது. கீழ்வீட்டுக்காரர் சிரிப்பாரா? புத்தகக் கம்பெனிகளுக்கு அச்சுப் பிழை திருத்திக் கொடுக்கிற மனிதர். நாள் முழுக்கக் கண்ணாடியைத் தாளில் பதித்துக்கொண்டு தனியே இருப்பவர். படியில் எதிரே வந்தால் ஆளைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துவிட்டுப் போவார். அவள் அவருக்கு வைத்திருந்த பெயர் தடிக்காரர்.

பன்னிரண்டு நிமிடம் கழித்து டைம் கீப்பர் வெளியே வந்தார்.

“என்ன சொன்னாரு?”

“சொல்லியாச்சு. இனிமே நியாயமா நடந்துக்குவாரு.”

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை.

பிரச்சினை ஒரு பல்லில் ஆரம்பித்தது.

டெப்போ பேண்டில் பதினோரு வருடமாக முதல் டிரம்பெட் அவள்தான். மூன்று மாதம் முன்பு அணிவகுப்பு ஒத்திகையில் எல்லோரும் இடப்பக்கம் திரும்ப, முன்னால் நடந்த இளம் கண்டக்டர் குட்டி மட்டும் வலப்பக்கம் திரும்பினான். அவன் டிரம்பெட் இவள் டிரம்பெட்டில் மோதியது. மவுத்பீஸ் அவள் பல்லில் மோதியது. முன்பல் பாதி தரையில் கிடந்தது. குட்டி அதைப் பொறுக்கிக் கைக்குட்டையில் மடித்து, “அக்கா, அக்கா” என்று அழுதபடி ஆஸ்பத்திரி வரை தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். யாருக்கும் பிரயோஜனமில்லாத பல்.

பல் டாக்டர் புதுப் பல் கட்டினார். “டிரம்பெட்டை இனிமே புதுசா கத்துக்கிற மாதிரிதான் ஆரம்பிக்கணும். உதடு புதுப் பல்லுக்குப் பழகணும். கொஞ்சம் வாசிங்க, அதே அளவு ஓய்வு குடுங்க. மீறினா உதடு வீங்கும். வீங்கின உதட்டுல அழுத்தி வாசிச்சா, அப்புறம் எந்தக் காலத்துலயும் மேல் சுரம் வராது.”

இடையில், முதல் டிரம்பெட்டுக்கான அவள் நாற்காலியில் குட்டி உட்கார்ந்தான். நன்றாகவும் வாசித்தான். பேண்ட் மாஸ்டர் நியாயஸ்தர். “ஆறு வாரம் டைம். ரெண்டு பேரும் ஒரே பாட்டை வாசிங்க. யாரு நல்லா வாசிக்கிறாங்களோ அவங்களுக்கு நாற்காலி. தோத்தவங்க கடைசி வரிசை” என்று சொல்லிவிட்டார்.

“நான் போட்டிக்கே வரலக்கா. நாற்காலி உங்களுது” என்றான் குட்டி.

“பாவம் பாத்து நீ குடுக்கிற நாற்காலில நான் உக்காருவேனா? ஒழுங்கா வந்து வாசி. வரலேன்னா மீதிப் பல்லையும் உன் கைக்குட்டையிலதான் போடுவேன்.”

வெளியே அப்படிப் பேசினாளே ஒழிய, உள்ளே உதறல். ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் அவள் வண்டியில் ஏறி இறங்குகிறார்கள். ஒருத்தரும் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. முதல் டிரம்பெட் தனியாக எழுந்து நின்று வாசிக்கும் அந்த ஒன்றரை நிமிடம் மட்டும் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். அது போய்விட்டால்?

அவளுக்குக் கிடைக்கும் நேரமோ கொஞ்சம். காலை ஷிஃப்ட் மூன்றரைக்கு முடியும். மாலை வண்டி ஐந்தரைக்கு. நடுவில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, முகம் கழுவி… மிஞ்சுவது அரை மணிச் சொச்சம்.

டைம் கீப்பர் ஸ்கேலும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தார். டெப்போவில் எழுபது வண்டியை ஒன்றோடொன்று முட்டாமல் ஓட்டுகிறவர், ஒரு டிரம்பெட்டை ஓட்டமாட்டாரா? அரை மணி நேரத்தில் அட்டவணை குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஏறிவிட்டது.

4.10, முதல் டிரிப்: நீளச் சுரம், ஒரே மூச்சு. 4.14, நிற்கும் நேரம். 4.18, இரண்டாம் டிரிப்: கீழிருந்து மேல், மேலிருந்து கீழ். 4.23, நிற்கும் நேரம். 4.28, மூன்றாம் டிரிப்: போட்டிப் பாட்டில் கஷ்டமான இரண்டு வரி மட்டும், நடக்கிற வேகத்தில். 4.34, நிற்கும் நேரம். 4.40, நாலாம் டிரிப்: முழுப் பாட்டு, ஒரே ஒரு தடவை. 4.44, வண்டி ஷெட்டுக்கு.

“பாதி நேரம் சும்மா உக்காரணுமா?” என்று அலறினாள் அவள்.

“உக்காரணும். அதுவும் டியூட்டிதான்.”

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். டெப்போக் கடிகாரம் எப்போதும் மூன்று நிமிடம் முந்தி ஓடும். எந்த டிரைவரும் தாமதமாகக் கிளம்பக் கூடாதென்று யாரோ எந்தக் காலத்திலோ வைத்த ஏற்பாடு. டைம் கீப்பருக்கு அதுவே ரத்தத்தில் ஊறி, வீட்டுக் கடிகாரம், கைக்கடிகாரம், அலாரம், எல்லாமே மூன்று நிமிடம் முந்தி. சினிமாவுக்குப் போனால் இன்னும் கதவே திறந்திருக்காது. இருபது வருடத்தில் அவளுக்கும் அதுதான் உலக நேரமாகிவிட்டது.

அட்டவணை போட்ட மறுநாளிலிருந்துதான் தடிக்காரர் இடிக்க ஆரம்பித்தார். ஏழாம் நாள் அந்த மாடிப்படி யுத்தம்.

எட்டாம் நாள்.

நாலு பத்து. அவள் மூச்சை இழுத்து நீளச் சுரம் எடுத்தாள். கம்பு எந்த நொடியில் இடிக்குமோ என்று ஒரு காது தரையில்.

இடிக்கவில்லை!

‘பரவாயில்லையே, நம்ம ஆளு மிரட்டிட்டுத்தான் வந்திருக்காரு!’ நாலு பதினாலு. நிற்கும் நேரம். ஒரு நிமிடம் உட்கார்ந்தாள். கை துறுதுறுத்தது. புருஷன் டெப்போவில். வீட்டில் ஈ காக்கை இல்லை. மெதுவாக எடுத்து வாயில் வைத்து…

டொக்! டொக்! டொக்!

தூக்கிவாரிப் போட்டது. டிரம்பெட்டை மடியில் வைத்தாள். சத்தம் நின்றது. பதினெட்டுக்கு மறுபடி எடுத்தாள். சத்தமே இல்லை. இருபத்தைந்துக்குத் திருட்டுத்தனமாக ஒரு சுரம். டொக்!

டிரம்பெட்டின் வாயில் காலுறையைத் திணித்து வாசித்துப் பார்த்தாள். டொக். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் வாசித்துப் பார்த்தாள். சமையலறைத் தரையிலும் டொக். மனுஷன் கம்போடு கூடவே நடக்கிறாரா?

“ஏங்க, அந்தாளு பேயா?” என்று இரவுச் சாப்பாட்டில் கேட்டாள்.

“எந்தாளு?” டைம் கீப்பர் சாதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தடிக்காரருதான். நிக்கிற நேரத்துல கரெக்டா தட்டறாரு.”

“நிக்கிற நேரத்துல நீதான் வாசிக்கிறதில்லையே. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

அவள் தண்ணீர் குடித்தாள். நிறையக் குடித்தாள்.

“பரண்ல இருந்த அந்தப் பழைய வட்டக் கடிகாரத்தைக் காணோமே?” என்று பேச்சை மாற்றினாள்.

“ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்” என்றார் அவர். இந்தத் தடவை அவரும் நிறையத் தண்ணீர் குடித்தார்.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது அவள் அந்தத் தவறைச் செய்தாள்.

கஷ்டமான இரண்டு வரி வந்துவிட்டது. ஆனால் உச்சியில் நிற்கும் அந்தக் கடைசிச் சுரம் ஒரு நாள் வந்தது, ஒரு நாள் சீறிவிட்டு ஓடியது. வீட்டில் தடிக்காரர் காவல். வேறு எங்கே போவது? டெப்போவில் கழுவுமிடத்துக்குப் பின்னால் பழுதுக்கு நிறுத்தியிருந்த ஒரு காலி வண்டி. கதவைச் சாத்தினாள். கடைசி நீள சீட்டில் உட்கார்ந்தாள். அரை மணி நேரம். நிற்காமல். தண்ணீர்கூடக் குடிக்காமல்.

உச்சிச் சுரம் வந்தது! நாலு தடவை வந்தது! ராஜாத்தி மாதிரி இறங்கிப் போய் மாலை வண்டியை எடுத்தாள்.

மறுநாள் காலை கண்ணாடியில் வேறு யாரோ நின்றார்கள். மேலுதடு அத்திப்பழம் மாதிரி வீங்கியிருந்தது.

டைம் கீப்பர் பார்த்தார். கைக்குட்டையில் பனிக்கட்டியைச் சுற்றி அவள் உதட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

“எங்க?”

“கழுவுற எடத்துக்குப் பின்னாடி. பழுது வண்டில.”

“எவ்ளோ நேரம்?”

“அரை மணி.”

“நிக்காம?”

“ம்.”

அவர் நனைந்த கைக்குட்டையைப் பிழிந்து மறுபடி வைத்தார்.

“கடைசி ஸ்டாப்புல வண்டிய எதுக்கு அஞ்சு நிமிஷம் நிக்க வைக்கிறோம்? சோம்பேறித்தனமா?”

“இன்ஜின் ஆறணும்.”

“அப்புறம்?”

“லேட்டா வந்த டைமை சரிக்கட்டணும்.”

“அப்புறம்?”

“டிரைவர் ஒரு வாய் தண்ணி குடிக்கணும்… தெரியுதுங்க. எல்லாம் தெரியுது.” அவள் குரல் கைக்குட்டைக்குள் உடைந்தது. “நிக்கிறப்பதான் பயமா இருக்கு. வாசிச்சுட்டே இருந்தா அது இன்னும் எங்கிட்டதான் இருக்குன்னு தெரியுது. கீழ வச்ச உடனே, மறுபடி எடுக்கும்போது இருக்குமா இருக்காதான்னு… சும்மா உக்காரவே முடியல.”

டைம் கீப்பருக்கு இது புதுச் செய்தி. நாலரை வாரமாக அவள் பிடிவாதத்தை அடக்கிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தார். பயத்தோடு அவளைத் தனியாக உட்கார வைத்திருக்கிறார்.

“சரி. சும்மா உக்கார வேண்டாம்” என்றார். “நிக்கிற நேரத்துல விரலை மட்டும் ஓட்டு. மனசுக்குள்ள பாடு. வண்டி நிக்கட்டும், டிரைவர் ரூட்டை நினைச்சுட்டு இருக்கட்டும். சத்தம் மட்டும் வேண்டாம்.”

மூன்று நாள் டிரம்பெட் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. நாலாம் நாள் நாலு பத்துக்கு எடுத்தாள். நாலு பதினாலுக்கு மடியில் வைத்தாள். கண்ணை மூடி விரலை வால்வுகளில் ஓட்டினாள். உள்ளே பாட்டு தானாக ஓடியது. பயம் எட்டிப் பார்த்தது. பாட்டு நிற்காததால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அன்றிலிருந்து கீழே டொக் இல்லை. ஒரு டொக்கூட இல்லை. மூன்றாவது நாள் அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. மனிதருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?

போட்டி நாள். டெப்போ ஒர்க்‌ஷாப்பில், எண்ணெய் வாசனைக்கு நடுவில் இருபது நாற்காலி. பேண்ட் மாஸ்டர் இடுப்பில் கை வைத்து நின்றார்.

“ஆளுக்கு ரெண்டு தடவை. நடுவுல பத்து நிமிஷம் இடைவெளி.”

முதலில் குட்டி. வாசித்தான் பாருங்கள், ஸ்பேனர் பிடித்திருந்தவர்கள்கூட ஸ்பேனரைக் கீழே வைத்தார்கள். உச்சிச் சுரம் தகரக் கூரையைத் தட்டிவிட்டு வந்தது. அடுத்து அவள். சுத்தமாக வாசித்தாள். ஆனால் குட்டியின் மினுக்கு இல்லை. அவளுக்கே தெரிந்தது.

இடைவெளி. குட்டி ஒரு மூலைக்குப் போய் அந்த உச்சிச் சுரத்தை மறுபடி மறுபடி ஊதிப் பார்த்தான். அவள் கை துறுதுறுத்தது. கூரையில் பெரிய டெப்போக் கடிகாரம் ஓடியது. யாரும் தட்டப்போவதில்லை. தடிக்காரர் இங்கே இல்லை. ஒரே ஒரு தடவை, மெதுவாக…

டிரம்பெட்டை மடியில் படுக்க வைத்தாள். கண்ணை மூடினாள். விரல்கள் மட்டும் நடந்தன.

இரண்டாம் சுற்று. குட்டி எழுந்தான். முதல் வரி பிரமாதம். இரண்டாவது வரியில் மூச்சு கனத்தது. உச்சியில் சுரம் பிளந்து, காற்று மட்டும் வந்தது.

அவள் எழுந்தாள். நீளமாக மூச்சு இழுத்தாள். நடக்கிற வேகத்தில் பழகிய இரண்டு வரியும் இப்போது ஓடின. உச்சிச் சுரம், பழைய வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறவள் மாதிரி, அவசரமில்லாமல் வந்து நின்றது. அவள் விடும் வரை நின்றது.

பேண்ட் மாஸ்டர் அவளைப் பார்த்துத் தலையாட்டினார். முதல் நாற்காலியைத் துண்டால் தட்டித் துடைத்தார்.

அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம். குட்டியைத் தனியே இழுத்தாள். “உதட்டைக் காட்டு.”

“எதுக்குக்கா?”

“காட்டுறா!”

காட்டினான். அத்திப்பழம்.

“காலைல எவ்ளோ நேரம் வாசிச்ச?”

“நாலு மணி நேரம்க்கா. பயமா இருந்துச்சு.”

விட்டுக்கொடுக்கவில்லை. நிஜமாகத்தான் தோற்றிருக்கிறான். அவளுக்கு நிம்மதியும் பாசமும் ஒன்றாக முட்டின. “நாளைக்கு வீட்டுக்கு வா. ஐஸ் வைக்கிறேன். உனக்கும் ஒரு டைம் டேபிள் போடச் சொல்றேன்” என்று தலையில் குட்டினாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு பெட்டி பிஸ்கட் வாங்கினாள். புருஷனுக்கு இல்லை. தடிக்காரருக்கு. ஜெயித்த அன்றைக்குச் சண்டையை முடித்துவிடலாம். உடம்பு எப்படி இருக்கிறதென்றும் பார்த்துவிடலாம்.

கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்தது. அவர் வழக்கம் போல் முதலில் செருப்பைப் பார்த்தார். பிறகு, அதிசயமாக, முகத்தை.

“கெடச்சுதா?” என்றார்.

“என்ன கெடச்சுதா?”

“நாற்காலி.”

இவருக்கு எப்படி… அவள் அவர் தோளுக்கு மேலே உள்ளே பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றாள்.

மேஜைக்கு மேலே சுவரில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கடிகாரம். ஒன்று அவருடையது. இன்னொன்று, ரிப்பேருக்குப் போன அவர்கள் வீட்டுப் பரண் கடிகாரம். மூன்று நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு கம்பு சாய்ந்திருந்தது, நுனியில் பழைய துணி சுற்றி.

“முதல் வாரம் தப்புத் தப்பா தட்டிட்டேன்மா, மன்னிக்கணும்” என்றார் அவர். “என் கடிகாரம் சரியான நேரம் காட்டிட்டு இருந்துச்சு. அதனாலதான் எல்லாம் தப்பாயிடுச்சு. அப்புறம் உங்க வீட்டுக்காரர் வந்து இதை மாட்டிக் குடுத்தார்.”

கடிகாரத்துக்குக் கீழே ஒரு தாள். 4.10, 4.14, 4.18… குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த அதே அட்டவணை, அதே பென்சில் எழுத்து. அதன் ஓரமெல்லாம் ஒவ்வொரு நாளுக்கும் சிவப்பு மையில் திருத்தல் குறிகள். ‘இரண்டாம் வரி அவசரம்.’ ‘சுரம் விடுபட்டது.’ ‘மூன்று நாள் காணோம், உடம்பு சரியில்லையா?’ வர வரக் குறிகள் குறைந்தன. நேற்றைய தேதிக்கு நேரே ஒரே வரி: ‘பிழை இல்லை. அச்சுக்குப் போகலாம்.’

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அருகில் போனாள். அட்டவணையின் தலைப்பில், ஆறு வாரத்துக்கு முந்தைய தேதி போட்டு, டைம் கீப்பர் கையெழுத்தில் நாலு வரி இருந்தது:

‘சார், அந்த நேரத்துல நான் டியூட்டில இருப்பேன். நிக்கிற நேரத்துல சத்தம் கேட்டா தயவு செஞ்சு தட்டுங்க. நான் சொன்னா அவளுக்கு அழுகை வரும், வாசிக்கிறதையே விட்டுடுவா. உங்க மேல கோவம் வந்தா விடமாட்டா.’